எண்ணாமல் விட்ட குழாய்கள்

குன்னெல் ஓக்கெர்ப்ளூமின் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிற எவருக்கும் முதல் நாளே ஒரு விதியைச் சொல்லிவிடுவார்கள். புற்றுநோய்க் கட்டியின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்து இரத்தக்குழாய்களை எண்ணும்போது, தடித்த சுவர் உள்ளவற்றை எண்ணக் கூடாது. கணினிப் படத்தில் அவற்றின்மேல் ஒரு சாம்பல் நிறப் புள்ளியை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். ஏன் என்று கேட்டால், அவை கட்டியின் குழாய்களே அல்ல, பக்கத்திலிருந்த நிணநீர் முடிச்சின் மிச்சம் என்று பதில் வரும். தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டுகிறதே, அந்த முடிச்சுகள்தாம். அவற்றுக்குள் இருக்கும் குழாய்களுக்குத்தான் அப்படிக் கொழுகொழுவென்று சுவர் இருக்கும். விதியை எழுதியவள் குன்னெல். எழுதி இருபத்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன.

கட்டி தனக்கென்று இரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்ளும். அதற்கு வேண்டிய சோறும் காற்றும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். கட்டியின் செல்கள் நழுவி வெளியேறி நுரையீரலிலும் எலும்பிலும் போய்க் குடியேறுவதும் அதே வழியாகத்தான். ஆகவே குழாயை அடைத்துவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்தது என்பது குன்னெலின் கட்சி. இளம் வயதில் பிடித்த கட்சியை அறுபத்திரண்டு வயதிலும் அவள் விடவில்லை. ஸ்வீடனின் அந்தச் சிறிய பல்கலைக்கழக ஊரில், மருத்துவமனைக் காவலாளி வரைக்கும் அவளுக்குக் 'குழாய் அடைக்கிற குன்னெல்' என்றுதான் பெயர். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அந்த அக்டோபரில் அவளுடைய மாணவி வென்டெலா ஆய்வேட்டை முடித்திருந்தாள். ஐந்து வருட உழைப்பு, இருநூற்றுப் பன்னிரண்டு சுண்டெலிகள், குழாய்களை மூடும் ஒரு புதிய மருந்து. குழாய்கள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது என்பது முடிவு. நூற்றைம்பது பிரதிகள் அச்சாகி வந்து நடைபாதையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன, போகிறவர் வருகிறவர் எல்லாம் காலை இடித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆணி அடிப்பு. ஆய்வேட்டின் மூலையில் துளை போட்டு, கூடியிருப்பவர்கள் முன்னால் மாணவியே அதைத் துறையின் மரப்பலகையில் சுத்தியலால் அறைய வேண்டும். அறைந்த நொடியிலிருந்து அது ஊருக்குச் சொந்தம். அதற்குமேல் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. வேண்டுமானால் பிழைதிருத்தத் தாள் ஒன்றைச் செருகலாம், அதுவும் எழுத்துப் பிழைக்குத்தான் ஆகும். ஆணி அடித்த மூன்றாம் வாரம் பொதுவில் வாதம், தேறினால் பட்டம். பட்டம் இருந்தால் ஜனவரியில் வடக்கே ஊமெயோவில் வென்டெலாவுக்கு ஒரு வேலை காத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் சிக்ஸ்டென் தொலைபேசியில் கூப்பிட்டான். எதிர்க் கட்டடத்தில், நோயாளிகளிடமிருந்து வெட்டியெடுத்த திசுக்களைப் பார்த்து நோயைச் சொல்கிற மருத்துவன் அவன். குன்னெலோடு ஒரே வகுப்பில் படித்தவன். முப்பது வருடமாக அவளைச் சீண்டுவதை ஒரு கடமையாகவே செய்துவந்தான். ஒரு ஸ்லைடு வைத்திருக்கிறேன், வந்து பார்த்துவிட்டுப் போ, உன் தொழிலுக்கு ஆகாதது என்றான்.

அவன் அறையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கிற நுண்ணோக்கி இருந்தது. குன்னெல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தாள். மச்சத்தில் தொடங்குகிற வகைத் தோல் புற்று. நன்றாக முற்றியது, ஆழமாக இறங்கியிருந்தது. யாருடையதோ, பாவம் என்றாள்.

"பாவம்லாம் வேண்டாம்," என்றான் சிக்ஸ்டென். "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. டியெர்ப் ஊர்ல தபால் போட்டுக்கிட்டிருந்தவரு. அன்னைக்கு நான் அறிக்கையில எழுதினதைப் பாத்து ஆறு மாசம்னு கெடு சொல்லியிருக்காங்க. போன வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாரு, முழங்கால் வலின்னு. காட்டுல காளான் பறிக்கக் குனிய முடியலையாம்."

குன்னெல் சிரித்தாள். அவன் ஸ்லைடை மெல்ல நகர்த்திக் கட்டியின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோனான். அங்கே தடித்த சுவருள்ள குழாய்கள், ஒன்றிரண்டல்ல, ஒரு தோப்பாகவே நின்றன. இதை என்னவென்று சொல்வாய் என்று கேட்டான்.

"நெறிமுடிச்சு மிச்சம். இதையெல்லாம் நாங்க எண்ணமாட்டோம்."

"இது நடு முதுகுத் தோலும்மா. அங்க ஏது முடிச்சு?"

அவள் ஏதோ சொன்னாள், சின்ன முடிச்சுகள் எங்கேயும் இருக்கலாம் என்பது போல. அவன் மறுத்துப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனோ எழுந்து காபி போடப் போய்விட்டான். முப்பது வருடத்தில் சிக்ஸ்டென் ஒரு வாதத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. அவனுக்கே ஜெயிக்கப் பிடிக்காத வாதம் என்பது அவளுக்குப் புரிந்தது.

தனியாக அவள் மீண்டும் குனிந்து பார்த்தாள். குழாய்ச் சுவரைத் துளைத்துக்கொண்டு சின்னச் சின்ன வெள்ளையணுக்கள் வெளியே வந்துகொண்டிருந்தன. கூட்டமான பேருந்திலிருந்து தோளைக் குறுக்கிக்கொண்டு இறங்குகிறவர்களைப் போல, பாதி உள்ளே பாதி வெளியே. உடம்பின் காவல்படை அது. இறங்கியவை கட்டிக்குள் பரவி, புற்றுச் செல்களைச் சுற்றி வளைத்து நின்றன. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு கத்தி வெட்டி எடுத்து, மெழுகில் பதித்து நிறுத்திவைத்த நேரம். தபால்காரரின் உடம்பு அன்றைக்கு எந்தப் பக்கம் ஜெயித்துக்கொண்டிருந்தது என்பது குழந்தைக்கும் தெரியும்படி இருந்தது. காபி வந்தபோது அவளுக்குக் குடிக்கத் தோன்றவில்லை.

தன் கட்டடத்துக்குத் திரும்பி நடக்கும்போது மற்றொன்று நினைவுக்கு வந்தது, நடு வழியிலேயே நின்றுவிட்டாள். விதியை எழுதிய காலத்தில் எலியின் தொடை இடுக்கில்தான் கட்டியை வளர்த்தார்கள். அங்கே தோலுக்கு அடியில் ஒரு நிணநீர் முடிச்சு உண்டு. கட்டி பெருத்தால் அதையும் விழுங்கிவிடும். ஆகவே விதி சரியான விதி. பிறகு, விலங்குகளின் நலனைக் கவனிக்கிற குழு, தொடையில் கட்டி இருந்தால் எலி நடக்கச் சிரமப்படுகிறது என்றது. நியாயமான பேச்சு, குன்னெலும் உடனே ஒப்புக்கொண்டு கட்டியை எலியின் முதுகுக்கு மாற்றினாள். முதுகில் முடிச்சு எதுவும் கிடையாது. கட்டி இடம் மாறியது, கையேட்டில் விதி மட்டும் அப்படியே இருந்தது. பதினான்கு வருடம், ஐந்து ஆய்வேடுகள், எத்தனையோ ஆயிரம் சாம்பல் புள்ளிகள்.

புதன்கிழமை முழுவதும் அவள் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு வென்டெலாவின் படங்களைத் திறந்து வைத்து எண்ணினாள். கணினி எண்ணித் தரும், ஆனாலும் அவள் பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு சாம்பல் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டாள். நாற்பது எலிகள். மருந்தே கொடுக்காத எலிகளில் சிலவற்றுக்கு நுரையீரல் கடைசி வரை சுத்தமாக இருந்தது. ஆய்வேடு அவற்றை 'விலகிய எலிகள்' என்று ஒரு வரியில் ஒதுக்கியிருந்தது. அந்த எலிகளின் கட்டிகளில் சாம்பல் புள்ளிகள் நெல் உலர்த்தினாற்போல் கிடந்தன. மருந்து கொடுத்த எலிகளிலோ புள்ளி ஒன்றுகூட இல்லை. கட்டி சிறுத்திருந்தது, உண்மை. ஆனால் பட்டினி கிடந்த கட்டியிலிருந்து செல்கள் கிடைத்த சந்து வழியாகக் கிளம்பி, பாதி எலிகளின் நுரையீரலில் போய் உட்கார்ந்திருந்தன. அவற்றைப் பிடிக்க வேண்டிய வெள்ளையணுக்களுக்கு உள்ளே வர வழி இல்லை. எல்லா எலிகளையும் சேர்த்துச் சராசரி போட்டபோது இது கண்ணில் படாமல் போயிருந்தது.

முதலில் வந்தது சந்தோஷம். அதைச் சொல்லாமல் விட்டால் குன்னெலுக்குச் செய்கிற அநியாயம். ஒரு கால் மணி நேரம், இது தன் வாழ்க்கையின்மேல் விழுந்த இடி என்பதே தெரியாமல், என்ன அழகு, என்ன அழகு என்று அவள் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். எதிரி தப்பிக்கிற குழாய் ஒன்று, காவல் வந்து இறங்குகிற குழாய் வேறொன்று. எத்தனை குழாய் என்பது கேள்வியே இல்லை, எந்தக் குழாய் என்பதுதான் கேள்வி. பிறகுதான் இடி உறைத்தது. அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

யாருக்கும் தெரியாது என்பது அடுத்து வந்த எண்ணம். அதில் அவளுக்கு ஒரு நிச்சயம் இருந்தது. தெரிந்திருந்தால் கேட்டிருப்பார்களே. ராஜாவைத் தவிர எல்லோரையும் எல்லோரும் 'நீ' என்றே கூப்பிடுகிற நாடு அது. அதிலும் குன்னெலின் ஆய்வகம் ஒரு படி மேல். பேராசிரியை தன் காபிக் கோப்பையைத் தானே கழுவுவாள், கதவு எப்போதும் திறந்திருக்கும், திங்கட்கிழமைக் கூட்டத்தில் நேற்று வந்தவரும் வாய் திறக்கலாம். இங்கே யாருக்கும் என்னிடம் பயம் கிடையாது என்று வெளியூர் மாநாடுகளில் அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். ஆகவே, ஒருவரும் கேட்கவில்லை என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

வேண்டிய சாக்கைத் தேடிக் கொடுப்பதில் மனசுக்கு நிகர் கிடையாது. வெள்ளிக்கிழமை ஆணி அடிக்கட்டும், பிள்ளை பட்டம் வாங்கட்டும், ஊமெயோ போகட்டும். அடுத்த வருடம் இரண்டு பேருமாகப் புதிய கண்டுபிடிப்பு என்று இதையே எழுதலாம். வென்டெலாவுக்கும் அது லாபம்தானே? அவளுடைய அப்பா அம்மா லூலெயோவிலிருந்து ரயிலேறப் போகிறார்கள். வாதத்தில் கேள்வி கேட்க வேண்டிய எதிராய்வாளர் பெல்ஜியத்திலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டார். இப்போது போய் ஒரு விதியைக் கிளறி யாருக்கு என்ன நன்மை? இப்படியே போய்க்கொண்டிருந்த குன்னெலின் யோசனை ஓர் இடத்தில் வந்து முட்டிக்கொண்டது. வசந்தத்தில் அந்த மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்கிற குழுவில் அவளும் ஓர் ஆள். வென்டெலாவின் நான்காம் அத்தியாயத்தைக் காட்டி, அதிகபட்ச அளவே வேண்டும், ஒரு குழாய்கூட மிஞ்சக் கூடாது என்று மேசையைத் தட்டி வாதாடியவளும் அவள்தான்.

வியாழக்கிழமை மதியம் வழக்கம்போலப் பட்டாணி சூப்பும் பான்கேக்கும். ஆய்வகம் முழுவதும் ஒரே மேசையில் உட்கார்ந்தது. திசுக்களைச் சீவுகிற மாய்க்கென் அன்றைக்கு நல்ல குஷியில் இருந்தாள். குன்னெலிடம் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவள், தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சூப்பில் கடுகுக் குழம்பைக் கலக்கிக்கொண்டே வென்டெலாவுக்கு ஆணி அடிக்க வகுப்பெடுத்தாள்.

"விரல்ல மட்டும் அடிச்சுக்காத. ரத்தக்குழாய் ஆராய்ச்சி பண்றவ பலகையில ரத்தம் சிந்தினா, அதையும் எடுத்துச் சீவச் சொல்லி எங்கிட்டதான் அனுப்புவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வென்டெலாவும் சிரித்தாள், ஆனால் அவள் தட்டில் பான்கேக் அப்படியே இருந்தது. ஆணி அடிக்கிறதுக்கு முந்தின நாள் யாருக்குத்தான் பசிக்கும் என்று குன்னெல் எண்ணிக்கொண்டாள். சாப்பிட்டு முடிந்ததும் பேசலாம் என்றிருந்தாள். முடிந்தது. காபி குடித்ததும் பேசலாம் என்று தள்ளிப் போட்டாள். அதற்குள் வென்டெலா பெட்டியைத் திறந்து, குன்னெலுக்கான பிரதியை எடுத்து, நன்றி எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினாள். முதல் பெயர் குன்னெலுடையது. எவ்வளவு கஷ்டமான நாளிலும் தன்னைச் சிரிக்க வைத்த வழிகாட்டிக்கு என்று எழுதியிருந்தது. குன்னெல் அவளைக் கட்டிக்கொண்டாள், வாயைத் திறக்கவில்லை. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அன்று மாலை நாயைக் கூட்டிக்கொண்டு ஆற்றோரம் நடந்தபோது தபால்காரர்தான் அவள் நினைவில் கூடவே வந்துகொண்டிருந்தார். அவள் ஒருநாளும் பார்த்திராத மனிதர். ஒன்பது வருடத்துக்கு முன் அவருக்கு என் மருந்து கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். விடை உடனே வந்தது. அந்தத் தடித்த குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும். காவல் வந்து இறங்கியிருக்காது. ஆறு மாதத்தில் கெடு தவறாமல் இறந்திருப்பார். கட்டி சிறுத்தது, ஆனாலும் நோய் முற்றிய நோயாளி என்று நானே ஒரு கட்டுரையில் எழுதியிருப்பேன். காளான் பறிக்கக் குனிய முடியவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ள அந்த மனிதர் இருந்திருக்கமாட்டார். நாய் இழுத்த பக்கமெல்லாம் அவள் போனாள். வீட்டுக்கு வந்ததும் வென்டெலாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள், நாளை ஒன்பது மணிக்கு என் அறைக்கு வா என்று.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வென்டெலா வந்தாள். கருநீல உடை, வாரிக் கட்டிய தலை, கையில் துளை போட்ட புத்தகம். குன்னெல் ஒத்திகை பார்த்து வைத்திருந்த முன்னுரையை விட்டுவிட்டாள்.

"வென்டெலா, இன்னைக்கு ஆணி அடிக்க வேண்டாம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சிக்ஸ்டெனின் ஸ்லைடு, தொடையிலிருந்து முதுகுக்கு மாறிய கட்டி, மாறாத விதி, நாற்பது எலிகள், பென்சில் கோடு போட்ட தாள். தப்பு தன்னுடையது, முழுக்கத் தன்னுடையது, அதை எழுத்தில் தருகிறேன் என்றாள். பேசப் பேச வென்டெலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், கத்துவாள், புத்தகத்தை எறிவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள். வென்டெலா அந்தத் தாளை எடுத்துக் கோடுகளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"நாப்பது எலியா எண்ணின?"

"நாப்பது."

"நான் இருநூத்திப் பன்னெண்டும் எண்ணிட்டேன்."

குன்னெலுக்கு முதலில் விளங்கவில்லை. வென்டெலா தன் மடிக்கணினியைத் திறந்து ஒரு கோப்பைக் காட்டினாள். ஒவ்வோர் எலிக்கும் ஒரு வரி. மெல்லிய குழாய் இத்தனை, தடித்த குழாய் இத்தனை, உள்ளே வந்த வெள்ளையணு இத்தனை, நுரையீரலில் விழுந்த புற்று விதை இத்தனை. குன்னெல் நாற்பதில் பார்த்தது அங்கே இருநூற்றுப் பன்னிரண்டில் இருந்தது, இன்னும் தெளிவாக. கோப்பு உருவான தேதியைப் பார்த்தாள். இரண்டு குளிர்காலங்களுக்கு முந்தையது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

"சொன்னேனே. திங்கட்கிழமைக் கூட்டத்துல. தடிச்சதை ஒரு தடவை தனியா எண்ணிப் பாக்கலாமான்னு கேட்டேன். நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

குன்னெலுக்கு ஞாபகம் இல்லை.

"புதுசா வர்ற எல்லாருக்கும் அந்தக் குண்டுக் குழாய் மேல காதல் வரும், அம்மை மாதிரி, ரெண்டு வாரத்துல இறங்கிடும்னு சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன்."

"நான் உன்னை அதட்டலையே, வென்டெலா."

"அதட்டியிருந்தா பதில் பேசியிருப்பேன், குன்னெல். சிரிச்சதுக்கு நான் என்ன பதில் பேசுறது?"

வெளியே நடைபாதையில் தட்டுகளும் கரண்டிகளும் சத்தம் போட ஆரம்பித்திருந்தன. கேக் வந்துவிட்டது போல. தன் வாழ்நாளில் யாரையும் மிரட்டியதில்லை என்று குன்னெல் சத்தியம் செய்யக்கூடியவள், அது பொய்யும் இல்லை. ஒரு வேடிக்கைப் பேச்சு, இரண்டு நொடிச் சிரிப்பு. அதற்குப் பிறகு ஒரு பெண் இரண்டு வருடம் தனியாக உட்கார்ந்து எண்ணி, எண்ணியதை மூடி வைத்துவிட்டு, எதிர்மாறாக ஒரு புத்தகம் எழுதியிருக்கிறாள். அவமானம் குன்னெலின் காது வரை ஏறியது. தப்பு முழுக்க என்னுடையது என்று மறுபடியும் சொல்லத் தொடங்கினாள்.

"முழுசையும் நீயே எடுத்துக்காத," என்றாள் வென்டெலா. இப்போதுதான் அவள் கண் கலங்கியது. "தெரிஞ்சே அந்த அத்தியாயத்தை எழுதினது நானு. எனக்கு ஊமெயோ வேணும்னு இருந்துச்சு. மருந்து ஆளுங்களுக்குப் போகப் போகுதுன்னும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நேத்து சூப் குடிக்கும்போதுகூட."

நேற்று அதே மேசையில் தானும் அதையே செய்துகொண்டிருந்ததைக் குன்னெல் அவளிடம் சொன்னாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. பிறகு வேலையைப் பேசினார்கள், அதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஆறுதல். நான்காம் அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டும், கடைசி அத்தியாயம் தலைகீழாக வேண்டும், ஏப்ரல் ஆகும். ஊமெயோவுக்குத் தானே எழுதுகிறேன் என்று குன்னெல் சொன்னதற்கு வென்டெலா ஒப்பவில்லை. ஊமெயோவுக்கு நான் எழுதிக்கொள்கிறேன், நீ மருந்துக் குழுவுக்கு இன்றைக்கே எழுது என்றாள். பேராசிரியைக்கு வேலை வைக்கிற அந்தக் குரலைக் குன்னெல் இதற்குமுன் கேட்டதில்லை. ஐந்து வருடத்தில் இதுதான் முதல் தடவை என்பது உறைத்தபோது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பத்து மணிக்கு நடைபாதையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஆய்வகத்தின் பதினோரு பேர், பச்சை மூடியிட்ட பெரிய கேக், ரயில் களைப்போடு வென்டெலாவின் அப்பாவும் அம்மாவும். வென்டெலா நேராக அவர்களிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னாள். அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா கேக் இருந்த தட்டை ஜாக்கிரதையாகக் கீழே வைத்தார்.

குன்னெல் பலகைக்கு முன்னால் போய் நின்றாள். இன்று ஆணி அடிப்பு இல்லை என்றாள். காரணம் வென்டெலா அல்ல, ஒரு விதி, அதை எழுதியவள் நான் என்றாள். தடித்த குழாய்களை எண்ணாமல் விட்டது தவறு, முதுகில் நிணநீர் முடிச்சு கிடையாது, நாம் குப்பையென்று ஒதுக்கியதுதான் காவல்படை உள்ளே வருகிற வழி, நம் மருந்து அதைத்தான் முதலில் அடைக்கிறது, பதினான்கு வருடக் கணக்கையும் மறுபடி எண்ண வேண்டும். இதைக் கண்டுபிடித்தது வென்டெலா, நான் இரண்டு வருடம் பிந்தி வந்திருக்கிறேன். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, அவள் அவர்களுடைய அதிர்ச்சியை எதிர்பார்த்து நின்றாள்.

அதிர்ச்சி வரவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். சுவரோரம் சாய்ந்திருந்தவர் தரையைப் பார்த்தார். புள்ளிவிவரம் போடுகிறவர் பக்கத்தில் இருந்தவரை ஓரக்கண்ணால் பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன் சேர்ந்த பெண் மட்டும் எச்சிலை விழுங்கினாள், அதுவும் பயத்தில்தான். ஒரு முகத்தில்கூட ஆச்சரியம் இல்லை. திறந்தே கிடந்த தன் கதவு வழியாகப் பதினோரு பேர் வந்து போய்க்கொண்டிருந்தார்கள், கையில் இருந்ததை ஒருவர்கூட உள்ளே கொண்டுவரவில்லை.

மாய்க்கென்தான் முதலில் அசைந்தாள். விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஒரு தரம் தொண்டையைச் செருமினாள்.

"குன்னெல், இது ஒண்ணு மட்டுந்தானா? இல்ல, மத்ததையும் சொல்லலாமா?"

சுவரோரம் இருந்த நாற்காலியைக் குன்னெல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.